காதலைச் சொன்ன பிறகு என்ன ஆகிறது? பள்ளி, கல்லூரி ரொமான்ஸ் காமெடி அனிமே பற்றிப் பேசலாம் வாருங்கள்

#1 நிலாக்கூடு

போன வாரம் சுகி கா கிரேய் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். 2017இல் வந்தது, பன்னிரண்டு எபிசோடு. மங்கா என்ற ஜப்பானியப் படக்கதையையோ நாவலையோ தழுவாமல் அனிமேக்கென்றே எழுதிய கதை. டோக்கியோவுக்குப் பக்கத்தில், சைத்தாமா மாகாணத்தின் கவகோயே ஊரில் நடக்கிறது. நாயகன் கொதாரோவும் நாயகி அகானேயும் நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. அவனுக்கு எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. அவள் ஓட்டப்பந்தயக்காரி. பந்தயத்துக்கு முன் பதற்றம் தணிய ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பொம்மையைக் கையில் பிசைந்துகொண்டே இருப்பாள். கவகோயே அந்தக் கிழங்குக்குப் பேர் போன ஊர்.

முதல் எபிசோடில் இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே உணவகத்துக்கு வந்துவிடும். பெரியவர்கள் சகஜமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் இருவருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது. பிறகு அவளிடமிருந்து கைபேசியில் செய்தி வரும் நாட்களில், தன் அறையில் தொங்கும் விளக்குக் கயிற்றை அவன் குத்துச்சண்டைக்காரன் மாதிரி குத்திக் குத்தி விளையாடுவான். வசனமே கிடையாது. அந்த வயதில் சந்தோஷத்தை வைத்துக்கொள்ள உடம்பில் இடம் போதாது என்பதை அந்தக் கயிறு காட்டிவிடுகிறது.

இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது, தொடர் பாதியை எட்டும் முன்பே அவன் கேட்டுவிடுகிறான், அவளும் சம்மதித்துவிடுகிறாள் என்பதுதான். மீதிக் கதை முழுக்க அதற்குப் பிறகு நடப்பது. மற்ற பெரும்பாலான பள்ளிக் காதல் தொடர்கள், "உன்னைப் பிடிக்கும்" என்ற ஒரு வார்த்தைக்காக நம்மைக் கடைசி எபிசோடு வரை காக்க வைத்து, அது வந்ததும் முடிந்துவிடுகின்றன. சொல்வதற்கு முன் இருக்கும் தவிப்பை அழகாகக் காட்டுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் சேர்ந்த பிறகுதானே ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள்? அந்தப் பகுதியை ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறார்கள்?

எல்லோரும் சொல்லுங்கள். கதை முடிவைச் சொல்வதானால் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை போட்டுவிடுங்கள்.

#2 ஆறுமணிரயில்

நல்ல கேள்வி. ஜப்பானிய மொழி படிக்கும் ஆள் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஜப்பானில் காதலைச் சொல்வதற்கு "கொகுஹாகு" என்று தனிப்பெயரே இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு வாக்கியம் சேர்ந்து வரும்: "சுகி தேஸு. சுகியத்தே குதாசாய்." முதலாவது, உங்களைப் பிடித்திருக்கிறது. இரண்டாவது, என்னோடு சேர்ந்து பழகுங்கள். இரண்டாவதுதான் முக்கியம். இருவரும் பத்து தடவை சினிமாவுக்குப் போயிருக்கலாம், ஒரே குடையில் நடந்திருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டு மற்றவர் சரி என்று சொல்லும் வரை அவர்கள் ஜோடி என்ற கணக்கில் வருவதில்லை. அதனால்தான் கதைகள் அந்த வாசற்படியிலேயே இவ்வளவு நேரம் நிற்கின்றன.

ககுயா-சாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்பவர் தோற்றவர் என்ற ஒரே எண்ணத்தின் மேல் மொத்தத் தொடரும் நிற்கிறது. மாணவர் மன்றத் தலைவன் ஷிரோகானே, துணைத் தலைவி ககுயா, இருவருமே மகா புத்திசாலிகள். மற்றவரைச் சொல்ல வைக்கத் திட்டம் மேல் திட்டம் போடுகிறார்கள்.

(மூன்றாவது சீசன் முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள்.)

2022இல் வந்த மூன்றாவது சீசன் பள்ளி விழா இரவில் முத்தத்தோடு முடிகிறது. ஆனால் "பிடிக்கும்" என்ற சொல்லை இருவருமே இன்னும் சொல்லவில்லை! அதே வருடம் டிசம்பரில் வந்த படம் அந்த முத்தத்துக்கு அடுத்த நாளிலிருந்து தொடங்கி, சொல்லப்படாத அந்த வார்த்தையைத்தான் தேடிப் போகிறது. மூன்று சீசன் முழுக்க இருவரும் தங்களை மிகச் சிறந்தவர்களாக மட்டுமே காட்டிக்கொண்டார்கள். குறையுள்ள தன்னையும் ஒருவர் ஏற்பாரா என்ற பயம் படத்தில்தான் வெளியே வருகிறது. நீங்கள் கேட்ட "அதற்குப் பிறகு" அங்கே இருக்கிறது.

#3 மூன்றாம்மாடி

டோராடோரா பற்றி யாரும் பேசாமல் இந்த இழை நகரக் கூடாது.

2008 அக்டோபரில் தொடங்கி 2009 மார்ச்சில் முடிந்தது, 25 எபிசோடு. ர்யூஜிக்கு அப்பாவிடமிருந்து வந்த முரட்டுக் கண்கள். பார்ப்பவர்கள் ரவுடி என்று ஒதுங்குவார்கள். அவனோ சமையலும் வீடு துடைப்பதுமாக வாழும் பையன். பக்கத்து அடுக்குமாடியில் தனியாக இருப்பவள் தைகா. உருவத்தில் சின்னவள், கோபத்தில் புலி. அவனுக்கு அவள் தோழி மினோரி மேல் ஆசை, அவளுக்கு அவன் நண்பன் கிதாமுரா மேல் ஆசை. ஒருவருக்கொருவர் உதவுவதாக ஒப்பந்தம்.

(19ஆம் எபிசோடு. எச்சரிக்கை.)

கிறிஸ்துமஸ் முந்தின இரவு. தைகாவுக்குச் சாண்டா மேல் இன்னும் நம்பிக்கை உண்டு என்பதால் ர்யூஜி ஒரு கரடி வேடம் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வருகிறான். அவள் சிரிக்கிறாள், ஆடுகிறாள். பிறகு, மினோரி காத்திருப்பாள், போ என்று அவளே அவனை அனுப்பி வைக்கிறாள். அவன் போன பிறகு வீடு அமைதியாகிறது. அந்த அமைதியில்தான் அவளுக்குப் புரிகிறது. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, பனிக்குளிரில் நின்று அவன் பெயரைக் கத்தி அழுகிறாள். அதை ர்யூஜி பார்க்கவில்லை. மினோரி பார்த்துவிடுகிறாள்.

இதில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இரவோடு மூன்று பேர் வாழ்க்கையும் மாறிவிடுகிறது. சொன்ன பிறகு என்ன என்று கேட்கிறீர்கள், சரி. ஒருத்தி தன் மனதைத் தனக்கே சொல்லிக்கொள்ளும் நேரத்தை இவ்வளவு உண்மையாக வேறு எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

#4 கீதம்84

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து இந்தத் தொடர்களைப் பார்க்கிறேன். மூன்றாம்மாடி சொன்ன அந்தக் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. தைகா அந்தப் பையனை அடிக்கிறாள், உதைக்கிறாள், நாய் என்று கூப்பிடுகிறாள். அதையெல்லாம் சிரிப்புக்கென்றே வைத்திருக்கிறார்கள். ஒரு ஆண் இப்படிச் செய்தால் நாம் சிரிப்போமா? வேறு சில தொடர்களில் பெண் குளிக்கும்போது "தெரியாமல்" கதவைத் திறப்பது, தடுக்கி மேலே விழுவது எல்லாம் நகைச்சுவையாம். பிள்ளைகள் இதைப் பார்த்து இதுதான் காதல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

நான் யார் ரசனையையும் குறை சொல்ல வரவில்லை. கூட உட்கார்ந்து பார்ப்பவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

#5 மூன்றாம்மாடி

அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். தைகா அடிப்பதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். அந்தக் கால அனிமேயில் அது ஒரு வழக்கமாகவே இருந்தது, வெளியே முரடு, உள்ளே பாசம் என்ற வகைப் பெண்கள். டோராடோராவில் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தொடர் காட்டுகிறது. பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த அப்பா வராமல் போகும் எபிசோடைப் பாருங்கள். யாரும் தங்க மாட்டார்கள் என்று பழகிய பிள்ளை, யார் வந்தாலும் முதலில் தானே தள்ளிவிடுகிறாள். அதனால் அடி சரியாகிவிடாது. புரிகிறது, அவ்வளவுதான்.

குளியலறைக் கதவு சமாசாரம் எனக்கும் ஆகாது. அதை வைத்தே ஓடும் தொடர்களை நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

#6 நிலாக்கூடு

கீதம் அக்கா, மகளோடு பார்க்க கிமி நி தொடோகே தொடங்குங்கள். ஹொக்கைடோவில் நடக்கும் கதை. நீளக் கருங்கூந்தலும் அமைதியும் கொண்ட சவாகோவை, ஒரு பேய்ப்படத்தின் பேயின் பெயரை வைத்து "சதாகோ" என்று பள்ளியே கூப்பிடுகிறது. கசேஹாயா என்ற பையன் மட்டும் அவளோடு சாதாரணமாகப் பேசுகிறான். காதல் இருக்கிறது, ஆனால் முதல் பாதியின் உயிரே நட்புதான். யோஷிதா, யானோ என்ற இரண்டு தோழிகளைப் பற்றி வதந்தி பரப்பும் பெண்களைப் பள்ளிக் கழிப்பறையில் வைத்துச் சவாகோ எதிர்கொள்வாள். அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாதவள். தன்னைப் பற்றி ஆயிரம் பேசியபோது பொறுத்துக்கொண்டவளால் தோழிகளைப் பற்றிப் பேசியதைப் பொறுக்க முடியவில்லை. மகள் அதைப் பார்க்க வேண்டும்.

#7 வெள்ளைத்தாள்

இந்த இழையில் பெயர் கூப்பிடுவது பற்றி யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நானே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானில் வகுப்புத் தோழர்கள் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள், பின்னால் சான் அல்லது குன் என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து. முதல் பெயருக்கு மாறுவது பெரிய விஷயம். சவாகோவை ஊரே சதாகோ என்னும்போது கசேஹாயா "குரோனுமா" என்று அவள் குடும்பப் பெயரைச் சொல்கிறான். அதுவே அவளுக்கு மரியாதை. சுகி கா கிரேயில் "மிசுனோ-சான்", "அசுமி-குன்" என்று இருந்தவர்கள் பிறகு முதல் பெயருக்கு வருகிறார்கள். டோராடோராவில் "ஐசாகா" என்றிருந்தவன் "தைகா" என்று கூப்பிடும் இடம் இருக்கிறது. அவள் பெயர் புலி போல ஒலிக்கும், அவன் பெயரில் ட்ராகன் இருக்கிறது. புலிக்குப் பக்கத்தில் சமமாக நிற்பது ட்ராகன்தான், அதனால் உன் பக்கத்திலேயே இருப்பேன் என்கிறான். இரண்டாவது எபிசோடிலேயே! அதைவிடப் பெரிய கொகுஹாகு வேறென்ன? இருவருக்கும்தான் அது புரியவில்லை.

ஆங்கில சப்டைட்டிலில் பல நேரம் தொடக்கத்திலிருந்தே முதல் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். மாறும் இடமே தெரியாமல் போகிறது.

பொழுதுபோக்காக, எனக்காகவே, சுகி கா கிரேயின் சில காட்சிகளைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். முதலில் "நீ" போட்டேன். அந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் கூச்சம் முழுக்கப் போய்விட்டது. சரி, "நீங்க" போடலாம் என்று மாற்றினால், பெண் பார்க்க வந்த வீட்டில் பேசுவது போல ஆகிவிட்டது. இரண்டு நாள் அப்படியே கிடந்தது. அப்புறம்தான் நாம் நிஜத்தில் என்ன செய்கிறோம் என்று யோசித்தேன். எதிரில் இருப்பவரை நீ என்பதா, நீங்க என்பதா என்று தெரியாதபோது நாம் இரண்டையும் சொல்வதில்லை. "சாப்பிட்டாச்சா?" "கிளம்பலாமா?" "பரீட்சை எப்படிப் போச்சு?" யாரைக் கேட்கிறோம் என்பதே வாக்கியத்தில் இருக்காது. கொதாரோ, அகானே பேசுவதை எல்லாம் அப்படி மாற்றினேன். "ரொம்ப நேரமா நிக்கிறீங்களா" என்பது "ரொம்ப நேரம் ஆச்சா" என்று ஆனது. முதல் பெயருக்கு மாறும் காட்சியில் மட்டும் முதன்முறையாக "நீ" போட்டேன். அந்த ஓரெழுத்தை எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆங்கிலத்தின் ஒரே "யூ"வால் இதைச் செய்ய முடியாது, தமிழால் முடிகிறது.

#8 ஆறுமணிரயில்

வெள்ளைத்தாள், "சாப்பிட்டாச்சா" யோசனை அபாரம். ஜப்பானிய மொழியிலும் அப்படித்தான். "நீ" என்ற சொல்லை முடிந்தவரை தவிர்ப்பார்கள், பெயரைச் சொல்வார்கள் அல்லது எழுவாயே இல்லாமல் பேசுவார்கள். நீங்கள் கண்டுபிடித்தது மூலத்துக்கு மிக நெருக்கமானது.

#9 சைக்கிள்காரன்

நிலாக்கூடு கேட்டதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. டிவி அனிமே மூன்று மாதப் பருவமாக ஓடுகிறது. வாரம் ஒன்று, மொத்தம் 12 அல்லது 13 எபிசோடு. சில தொடர்களுக்கு இரண்டு பருவம். பெரும்பாலும் மூலக்கதையான மங்கா அப்போது பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே நிறுத்தினால் ஒரு முடிவு போலத் தெரியும்? காதலைச் சொல்லும் இடத்தில். கிமி நி தொடோகேயின் இரண்டாவது சீசன் 2011இல் வந்தது. மங்கா 2017இல்தான் முடிந்தது. அவர்கள் ஜோடியாகப் பழகும் காலத்தைக் காட்டும் மூன்றாவது சீசன் வந்தது 2024இல். பதின்மூன்று வருடம்! முதல் சீசனைப் பள்ளி நாட்களில் பார்த்தவர்கள் மூன்றாவதைப் பார்க்கும்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஹோரிமியா எதிர்ப்பக்கம். 2021இல் பதின்மூன்றே எபிசோடில் பள்ளி முடிவது வரை ஓட்டிவிட்டார்கள். விட்டுப்போன கதைகளை எடுத்து 2023இல் தனித் தொடராகப் போட்டார்கள். அந்தத் தொடரின் சின்னச் சின்ன அத்தியாயங்கள் எனக்கு முதலாவதை விடவும் பிடிக்கும். பெரிதாக ஒன்றும் நடக்காது, வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். சேர்ந்த பிறகு பெரும்பாலான நாள் அப்படித்தானே?

அப்புறம், பள்ளிக்கதைகளின் நாயகர்கள் பலர் இரண்டாம் ஆண்டு மாணவர்களாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேல்நிலைப் பள்ளி மூன்று வருடம், ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். முதலாம் ஆண்டில் யாரையும் தெரியாது, மூன்றாம் ஆண்டில் நுழைவுத்தேர்வு கழுத்தைப் பிடிக்கும். கல்விச் சுற்றுலாவும் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான். காதலிக்க நேரம் இருப்பது அந்த ஒரு வருடம்.

#10 மூன்றாம்மாடி

ஓரே மோனோகதாரியை விட்டுவிட்டீர்களே! 2015, 24 எபிசோடு. மலை மாதிரி உடம்பு கொண்ட தகேயோவும் சின்னப் பெண் யமாதோவும் மூன்றாவது எபிசோடிலேயே சேர்ந்துவிடுகிறார்கள். மீதி இருபத்தொன்றும் அவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்பதைப் பற்றி. அவனுடைய நண்பன் சுனாகாவா மாதிரி ஒரு நண்பன் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

லவ்லி காம்ப்ளெக்ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாயகி ரிசா 172 செ.மீ., நாயகன் ஓதானி 156. ஒசாகா வட்டாரப் பேச்சு. ரிசா மனதைச் சொல்லியும் ஓதானிக்கு அது உறைக்கவே மாட்டேன் என்கிறது. மறுக்கப்பட்ட பிறகும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும் வலியை அதில் பார்க்கலாம்.

#11 பச்சைக்குடை

பள்ளியிலேயே நிற்கிறீர்கள் எல்லோரும். நான் கல்லூரிப் பக்கம் கூப்பிடுகிறேன்.

ஹனி அண்ட் க்ளோவர். உமினோ சிகாவின் மங்கா. 2005 ஏப்ரலில், ஃபுஜி டிவியின் நொய்தாமினா என்ற இரவு நேர நிகழ்ச்சி வரிசையின் முதல் தொடராக வந்தது. ஓவியக் கல்லூரி மாணவர்கள், ஓட்டை வாடகை அறைகள், எப்போதும் பசி. யாரோ ஒருவர் வீட்டிலிருந்து இறைச்சி வந்தால் அன்றைக்குத் திருவிழா. இந்தக் கதையில் எல்லோரும் காதலைச் சொல்கிறார்கள். சொன்னதால் எதுவும் கைகூடுவதில்லை.

யமாதா மட்பாண்டம் செய்பவள். மயாமாவைக் காதலிக்கிறாள். அவனுக்கு மனம் தன்னைவிட வயதில் மூத்த, கணவனை இழந்த ரிகாவிடம். ஓர் இரவு யமாதா குடித்துவிட்டு நடக்க முடியாமல் போக, மயாமா அவளை முதுகில் சுமந்து வருகிறான். அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் பிடிக்கும், பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். அவன் ஒவ்வொரு தடவையும் "ம்" என்று மட்டும் சொல்கிறான். இறக்கி விடவும் இல்லை, பொய்யாக ஆறுதல் சொல்லவும் இல்லை. பள்ளித் தொடர்களில் "ஆம்", "இல்லை" இரண்டில் ஒன்று கிடைத்துவிடும். இருபது வயதில் பதில் தெரிந்த பிறகும் அந்த ஆசையைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும் காட்சி அது.

தகேமோதோ ஒரு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி, நாட்டின் வடகோடி வரை மிதித்துக்கொண்டே போவான். காரணம் அவனுக்கே தெரியாது. கல்லூரி முடியப் போகும் நேரத்தில் அந்த மனநிலை எனக்கும் இருந்தது. என்னிடம் சைக்கிள் இல்லை, இந்தத் தொடர் இருந்தது.

நோடாமே கான்டாபிலே, 2007. இசைக் கல்லூரி. சியாகி குடித்துவிட்டு வீட்டு வாசலில் விழுந்து, கண் விழிக்கும்போது பக்கத்து வீட்டு நோடாமேயின் அறையில் இருப்பான். சுற்றிலும் குப்பை, நடுவில் பியானோ, அவள் பீத்தோவன் வாசிக்கிறாள். குப்பையைப் பார்த்து அருவருப்பதா, இசையைக் கேட்டு மயங்குவதா என்று தெரியாத அந்தக் குழப்பம்தான் மொத்தத் தொடரும். சியாகிக்கு விமானம் என்றால் உயிர்பயம், அதனால் ஐரோப்பா போய்ப் படிக்க முடியாமல் தவிக்கிறான். இங்கே காதலுக்குப் போட்டி இன்னொரு பெண் இல்லை. அவரவர் திறமை. ஒருவர் மேலே போனால் மற்றவர் என்ன ஆவது என்ற கேள்வி. அதைப் பள்ளிக்கூடக் கதையில் கேட்க முடியாது.

டோராடோரா எழுதிய தகேமியா யூயுகோவின் கோல்டன் டைமும் கல்லூரிதான், சட்டக் கல்லூரி. பாதிக்கு முன்பே பான்ரியும் கோகோவும் ஜோடி. ஆனால் பான்ரிக்குக் கல்லூரிக்கு முந்தைய நினைவுகள் எதுவும் இல்லை. அந்தப் பழைய பான்ரி ஆவி மாதிரி கூடவே வருவதைக் குறைத்திருக்கலாம் என்று தோன்றும். இருந்தாலும், "என்னைக் காதலிப்பவன் நாளைக்கு வேறொருவனாகிவிட்டால்?" என்ற கோகோவின் பயம் நிஜம்.

#12 நிலாக்கூடு

பச்சைக்குடை, அந்த "ம்" பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் கேட்ட கேள்விக்கு வேறொரு பதில் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. சொன்ன பிறகு சேர்வது மட்டும்தான் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#13 மழைக்கோடு

கல்லூரிக் கதை என்றதும் எழுதத் தோன்றியது. என் தங்கைக்குப் பிறவியிலிருந்து காது கேட்காது. 2024 ஜனவரியில் வந்த யுபிசகி தோ ரென்ரென் தொடரை நாங்கள் சேர்ந்து பார்த்தோம். யுகி என்ற கல்லூரி மாணவி, அவளுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. ரயிலில் ஒரு வெளிநாட்டுக்காரர் வழி கேட்கும்போது அவள் திகைக்க, இட்சுவோமி வந்து உதவுகிறான். பல நாடு சுற்றியவன், பல மொழி தெரிந்தவன். சைகை மொழி தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறான்.

தங்கை முதலில் கவனித்தது கைகளை. அனிமேயில் கைவிரல்களைச் சரியாக வரைவது சிரமம், பலர் ஒளித்துவிடுவார்கள். இதில் விரல்கள் மடங்குவதும் திரும்புவதும் நிதானமாகத் தெரிகின்றன. அடுத்து அவள் சொன்னது, இட்சுவோமி பேசும்போது முகத்தை யுகி பக்கம் வைத்துக்கொள்வது பற்றி. உதட்டைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு எதிரில் இருப்பவர் தலையைத் திருப்பினால் பேச்சே அறுந்துவிடும். வீட்டில் நாங்களே அடிக்கடி மறந்து திரும்பிவிடுவோம். அன்றைக்கு அவள் என்னைத் தோளில் தட்டி, திரையைக் காட்டி, பிறகு என் முகத்தைக் காட்டினாள். எனக்குப் புரிந்தது.

இன்னொன்று. யுகியின் சிறுவயது நண்பன் ஓஷி, அவளுக்காகவே எப்போதோ சைகை மொழி கற்றவன். ஆனால் அவளிடம் கடுகடுவென்றுதான் இருப்பான். மொழி தெரிந்தவன் மனதைச் சொல்லவில்லை, மொழி தெரியாதவன் கற்றுக்கொண்டு வந்து சொல்கிறான். தங்கைக்கு ஓஷி மேல்தான் பாவம் அதிகம்.

#14 கீதம்84

மழைக்கோடு, உங்கள் தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இதை நானும் மகளும் இந்த வாரமே பார்க்கிறோம்.

#15 முதல்வரிசை

நான் இந்தப் பக்கத்துக்குப் புதிது. அனிமே என்றால் சண்டைத் தொடர்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இந்த இழையை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டேன். ஒன்றே ஒன்று பார்ப்பதானால் எதில் தொடங்கட்டும்?

#16 சைக்கிள்காரன்

டோராடோரா. மூன்றாம்மாடி உங்களை வேறெங்கும் போக விட மாட்டார். 19ஆம் எபிசோடு பற்றி மேலே படித்துவிட்டீர்கள் என்பதுதான் வருத்தம், பரவாயில்லை, தெரிந்து பார்த்தாலும் அழுகை வரும்.

#17 பழையதிண்ணை

உங்களுக்கெல்லாம் மூத்தவன் நான். மெய்சோன் இக்கோக்குவைச் சொல்லாமல் போக மனமில்லை. தகஹாஷி ருமிகோவின் மங்கா, அனிமே 1986 முதல் 1988 வரை, 96 எபிசோடு. அவசரமே இல்லை.

கோதாய் கல்லூரி நுழைவுத்தேர்வில் தோற்று மறுபடி படிக்கும் பையன். பழைய மரவீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான். பக்கத்து அறைக்காரர்கள் அவன் அறையிலேயே வந்து குடித்துக் கூத்தடிப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வரும் புது மேலாளர் கியோகோ. இளம் விதவை. கணவர் பெயர் சோயிச்சிரோ. அவர் வளர்த்த நாயையும் அதே பெயரால்தான் கூப்பிடுகிறாள். "சோயிச்சிரோ-சான்" என்று அவள் அழைக்கும்போதெல்லாம் கோதாய்க்கு உள்ளே ஏதோ செய்யும். வெள்ளைத்தாள் பெயர் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. செத்துப்போனவர் பெயர் தினமும் அந்த வீட்டு வாசலில் ஒலிக்கிறது. கோதாய் கல்லூரியில் சேர்கிறான், முடிக்கிறான், வேலை தேடி அலைகிறான். வருடங்கள் போகின்றன.

(முடிவுக்குப் பக்கத்தில் வருவது.)

ஒரு நாள் கோதாய் தனியாக அந்தக் கணவரின் சமாதிக்குப் போய்ப் பேசுகிறான். அவளை நான் சந்தித்தபோதே நீங்கள் அவள் மனதில் இருந்தீர்கள், உங்களையும் சேர்த்தே அவளை ஏற்கிறேன் என்ற பொருளில். கியோகோ ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு கல்யாணமும் உண்டு, குழந்தையும் உண்டு. நிலாக்கூடு கேட்ட "அதற்குப் பிறகு"க்கு முன்னால், "அதற்கு முன்பு" என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. அதையும் ஏற்றுக்கொண்டு வாசலுக்குள் வரும் பையனை நான் அங்கேதான் பார்த்தேன்.

#18 நிலாக்கூடு

ஐயா, 96 எபிசோடு என்றதும் முதலில் மலைத்தேன். சமாதிக் காட்சி பற்றிப் படித்த பிறகு இன்று இரவே தொடங்குகிறேன்.

#19 முதல்வரிசை

டோராடோரா முதல் எபிசோடு பார்த்துவிட்டேன். தைகா காதல் கடிதத்தைத் தவறான பைக்குள் போட்டுவிட்டு, அதைத் திருப்பி எடுக்க நடுராத்திரி மரவாளோடு வீடு புகுந்து வருகிறாள். ர்யூஜி உண்மையைச் சொல்கிறான்: உறைக்குள் கடிதமே இல்லை, காலி. அப்புறம் அவள் வயிறு கூவுகிறது. அவன் எழுந்து போய் அந்த ராத்திரியில் ஃப்ரைட் ரைஸ் கிண்டித் தருகிறான். அவள் தட்டைக் காலி செய்கிறாள். பிறகு, நீ மட்டும் இல்லை என்பது போல, தான் மினோரிக்காகச் சேர்த்து வைத்த பாட்டுப் பட்டியல்களை எல்லாம் எடுத்துக் காட்டுகிறான்.

எனக்கு ஒரு சந்தேகம். ஒருவர் பசியோடு வரும்போது எழுந்து போய்ச் சமைக்கிறவனை, அவள் இன்னும் 18 எபிசோடு வரைக்கும் கவனிக்காமலா இருக்கப் போகிறாள்?

#20 மூன்றாம்மாடி

கவனிப்பாள். தினமும் அவன் வீட்டில்தான் சாப்பாடு. ஒவ்வொரு எபிசோடிலும் அவள் தட்டை எங்கே வைக்கிறாள், எந்த இடத்தில் உட்காருகிறாள் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒன்பதாவது முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.